வீட்டோடு தங்கிவிட்ட குரல்

தையல்காரியின் ஏழு வயது மகள் பள்ளிக்குக் கிளம்பினால் அவள் குரல் மட்டும் வீட்டிலேயே தங்கிவிடும். தையல் மெஷின் மேல் உட்கார்ந்துகொண்டு சாயங்காலம்வரை வாய் ஓயாமல் பேசும். அம்மாவுக்கு அது துணையாகவும் இருந்தது, தொல்லையாகவும் இருந்தது. பள்ளியில் சிறுமி வாயே திறப்பதில்லை. பிள்ளைகள் ஐந்து மொழிகளோடு வந்த அந்தப் பள்ளியில் பாடம் ஒரே மொழியில்தான். 'புத்தி மந்தம்' என்று எழுதிய தாளைத் தலைமையாசிரியர் பேச்சுப் பயிற்சியாளரிடம் நீட்டினார். "கையெழுத்துப் போடுங்கம்மா. வேற ஸ்கூலுக்கு அனுப்பிடலாம்."

பயிற்சியாளர் போடவில்லை. பட அட்டைகளை எடுத்துக்கொண்டு சிறுமியின் வீட்டுக்குப் போனாள். குரல் அவளை உட்காரச் சொன்னது. நாற்பது படங்களுக்கும் தன் மொழியில் டக்டக்கென்று பெயர் சொன்னது; தையல்காரி அர்த்தம் சொல்ல, இவள் குறித்துக்கொண்டாள். ஒன்றுகூடத் தப்பில்லை. பள்ளிக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டாள். "மொத நாள் தண்ணி கேட்டேன். எங்க பேச்சுல கேட்டேன்னு டீச்சர் வாயில டேப் ஒட்டிட்டாங்க. பிய்க்கறப்போ ரொம்ப வலிச்சுது" என்றது குரல். பயிற்சியாளருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

தலைமையாசிரியரின் 'புத்தி மந்தம்' பட்டியலில் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். பத்து வீட்டுக்கும் போனாள். ஒரு குரல் செருப்பு அலமாரியில் இருந்தது, ஒன்று கேஸ் சிலிண்டருக்குப் பின்னால். எல்லாம் நன்றாகவே பேசின.

"பிள்ளைங்ககிட்ட ஒரு குறையும் இல்ல சார். குறை இந்த ஸ்கூல்லதான் இருக்கு."

"ஃபார்ம்ல அத எழுத இடமில்லையேம்மா."

"அப்ப ஃபார்மே வேணாம்!" பதினோரு தாள்களையும் அவர் மேஜைமேலேயே கிழித்துப் போட்டாள்.

மறுநாளே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் பள்ளி வாசலில் ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். பத்தாம் நாள் கல்வி அலுவலகம் அவளைத் திரும்ப அழைத்தது. டேப் ஒட்டிய ஆசிரியையை மாற்றியது. பிள்ளைகள் எந்த மொழியில் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்றது.

குரல்கள் அதை உடனே நம்பிவிடவில்லை. நான்கு மாதம் கழித்துத்தான் தையல்காரி மகளின் குரல் முதலில் வந்தது. வந்ததும் நேரே தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்து ஒரு பீரியட் முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தது. தையல்காரி பக்கத்தில் நின்று ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள்.

பயிற்சியாளருக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. தலைமையாசிரியருக்கு அவள் வணக்கம் சொல்வதில்லை. வகுப்பில் இப்போது பெயர் கூப்பிட்டபின் ஆசிரியர்கள் சற்றுப் பொறுக்கிறார்கள். மழை நாட்களில் குரல்கள் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். அதற்காக யாரும் ஆப்சென்ட் போடுவதில்லை.