பின் சீட்டு மார்க்

நாராயணசாமியின் வேலையைச் சொன்னால் பெங்களூரு மர்பி டவுனில் எவனும் நம்பமாட்டான். காரின் பின் சீட்டில் உட்கார்ந்து போகவேண்டும், அதற்குச் சம்பளம். பீன்யாவில் ஷாக் அப்சார்பர் செய்யும் கம்பெனி. கார் செய்கிறவன் எந்த ஸ்பிரிங் கொடுக்கிறானோ அதற்குத் தோதாக ஷாக் அமையவேண்டும். ஷாக் தளர்வாக இருந்தால் பள்ளம் தாண்டிய பிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். இறுக்கமாக இருந்தால் கூழாங்கல்கூட இடுப்பில் இடிக்கும். எது பொருத்தம் என்று மெஷின் பாதி சொல்லும், மீதியை நாராயணசாமியின் இடுப்பு சொல்லும். பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்.

அந்த இடுப்புதான் இப்போது போய்விட்டது. டிஸ்க் நகர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். வருஷக்கணக்கில் துமகூரு ரோட்டுப் பள்ளங்களை வாங்கிக்கொண்டால் நகராமல் என்ன செய்யும்? கம்பெனியில் அவர் மூச்சு விடவில்லை. தெரிந்தால் குடோனில் பெட்டி தூக்கப் போடுவார்கள். அதற்கும் இடுப்பு வேண்டும்.

அந்த வருஷம் ஊரில் புதுப்புதுக் கார்களாக வந்துகொண்டிருந்தன. ஒன்றுக்கு ஸ்பிரிங் நல்ல விறைப்பு. எந்த ஷாக்கை மாட்டினாலும் அவருக்கு வலித்தது. மார்க் இரண்டுக்கு மேல் ஏறவில்லை. அன்று இருப்பதிலேயே தளர்வான ஷாக்கை மாட்டியிருந்தார்கள். வலி தாளாமல் மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு ஏறினார். தூங்கியே போனார்.

விழித்தபோது இன்ஜினியர் தீபிகா முன் சீட்டிலிருந்து திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களே தூங்கிட்டீங்கன்னா இதான் சார் செட்டிங். ஒன்பது போட்டுடவா?"

போட்டால் தீர்ந்தது. இதே ஷாக் ஊர்ப்பட்ட கார்களில் ஏறிவிடும். மழையில் எவனோ வளைவில் திருப்பும்போது வண்டி அவன் பேச்சைக் கேட்காது. அவருக்கும் மறைத்து மறைத்து அலுத்துவிட்டது.

"போடாதீங்க மேடம். ஷாக்கால தூங்கல, மாத்திர போட்டிருக்கேன். முதுகு பூடுச்சு, நாளாச்சு."

அவள் சிரிப்பு அடங்கியது. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"நீங்க முன்னாடி வாங்க சார். நான் பின்னாடி உக்கார்றேன்."

டிரைவர் உமேஷ் அதே ரோட்டில் மறுபடி விட்டான். ஸ்பீட் பிரேக்கரில் கார் எம்பி இறங்கி, திரும்பவும் எம்பியது. முன் சீட்டில் அவ்வளவாக இடிக்கவில்லை. அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது அவருக்கு. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டார். பின்னாலேயே குடோன் பயமும் வந்தது.

"எத்தன போடலாம் மேடம்?" என்றார், திரும்பாமலே.

கார் இன்னொரு பள்ளத்தைத் தாண்டியது.

"ஆட்டம் அடங்கவே மாட்டேங்குது சார். நாலு."

இடுப்பு நன்றாக இருந்த காலத்தில் அவரும் நாலுதான் போட்டிருப்பார்.