சத்தம் சரி செய்யப்பட்டது

“பிரேக் டிரம்மைக் கழட்டுங்க. எங்க கண்ணு முன்னாடி கழட்டுங்க.”

இதை மட்டும் ஷெட்டுக்குள் வந்து கேட்டுவிடாதே என்று கம்பெனி வேன் ஓட்டும் அப்பா அவளிடம் காலையிலேயே இரண்டு தடவை சொல்லியிருந்தார். பின்சக்கரத்தைப் பிரிக்கும்போது டிரைவர் பக்கத்தில் நிற்கக் கூடாது, கேட்டுக்கு வெளியே போய் டீ குடிக்க வேண்டும். அதுதான் இந்தக் கம்பெனி வழக்கம். இவருக்கு முன்பிருந்த டிரைவர் ஒரு நாள் போகாமல் நின்று பார்த்தார். மறுவாரம் அவர் வேலையில் இல்லை.

வேனுக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் தலை மட்டும் வெளியே வந்தது.

“யாரு, பட்டதாரியா? என்ன, ஆபீஸ்ல ஃபேன் ஓடலையா?”

“ஓடுதுண்ணே. வண்டிதான் ஓட மாட்டேங்குது.”

பதினாறு வருடத்து வேன். பதினான்கு சீட்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கு பாக்கிங் செக்ஷன் பெண்கள் இருபத்திரண்டு பேர் அதில் ஏறுவார்கள். மூன்று மாதமாக அதன் பின்சக்கரம் கத்திக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை இறக்கத்தில், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கூட்டுரோட்டின் நடுவில் போய் நின்றது. எதிரே வந்த லாரிக்காரன் ஒடித்துத் திருப்பியதால் எல்லோரும் பிழைத்தார்கள். மறுநாளே அப்பாவுக்கு மெமோ. ‘பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே ஓட்டி வாகனத்துக்குச் சேதம் விளைவித்தீர்கள்.’ இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். ஆபீஸ் கிளார்க் என்பதால் அந்த மெமோவை டைப் அடித்ததும் அவள்தான்.

“எல்லாம் தூசிம்மா” என்றார் மெக்கானிக், எழுந்து உட்கார்ந்தபடி. “உள்ள தூசி அடைஞ்சா கத்தத்தான் செய்யும். என் வீட்டுக்காரிகூடத்தான் கத்தறா, கழட்டியா பாக்கறேன்?”

அவள் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள். அவர் ஷெட் வாசலில் பாதி உள்ளே, பாதி வெளியே நின்றார்.

“சத்தம் எப்பப்பா வருது? சும்மா உருளும்போதா, கால் வெச்சா மட்டுமா?”

“கால் வெச்சாத்தான். முன்னெல்லாம் லேசா தொட்டா கீச்சுனு வரும். இப்ப அமுக்கினா, தகரத்தைத் தரையில இழுத்த மாதிரி கரகரங்குது.”

“தூசி கரகரங்குமாண்ணே?”

மெக்கானிக் அழுக்குத் துணியில் கையைத் துடைத்தார். ஆபீஸ் மாடி ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஜாக்கியை இழுத்து இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொடுத்தார். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, நட்டுகளைக் கழற்றினார். சக்கரம் வந்தது. டிரம் வரவில்லை. உட்புறம் தேய்ந்து விளிம்பில் வரப்பு கட்டியிருந்தது. சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டி ஆட்டி இழுத்ததும் கறுப்புத் தூளோடு கையில் விழுந்தது.

டிரம்மின் உட்புறம் வழவழவென்று இருந்திருக்க வேண்டும். அவள் விரல் வைத்தாள். நகம் முழுசாக இறங்கும் அளவுக்குப் பள்ளம் பள்ளமாகக் கோடுகள். அதன் மேல் அழுத்திப் பிடிக்க வேண்டிய இரண்டு பிரேக் ஷூக்களிலும் லைனிங் என்று சொல்ல ஒரு தோல்தான் மிச்சம். அதற்குள்ளிருந்து ரிவெட் ஆணிகளின் தலைகள் வரிசையாகப் பளபளத்தன. இரும்போடு இரும்பு உரசியிருக்கிறது. மீதியிருந்த லைனிங்கின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் புதுக் கீறல்கள்.

“இது என்ன கீறல்?”

“எமரி பேப்பர்.” மெக்கானிக் தரையைப் பார்த்துச் சொன்னார். “சத்தம் வருதுன்னு மேலேர்ந்து போன் வரும். கழட்டித் தேச்சு மாட்டுவேன். நாலு நாள் கம்முனு இருக்கும்.”

“தேஞ்சு போனதையே தேச்சீங்களா?”

“புது லைனிங் கேட்டு மூணு தடவை சீட்டு எழுதினேன்மா. ‘சத்தத்தை மட்டும் பார்’னு எழுதி மேனேஜர் திருப்பி அனுப்பினாரு. நான் என்ன செய்ய, என் வயித்துலயா லைனிங் வளருது?”

அப்பா உள்ளே வந்து குந்தி உட்கார்ந்தார். ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். மூன்று நாளாக வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தரையில் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

“என் காலைத் திட்டிட்டிருந்தேன் பாப்பா” என்றார். “வயசாயிடுச்சு, கால்ல வலு இல்லேன்னு.”

மேனேஜர் வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா எழுந்தார். மேனேஜர் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

“என்ன திருவிழா இங்க? அஞ்சு மணிக்கு வண்டி கேட்டுல நிக்கணும். டிரைவரே, உன்னை யாரு உள்ள விட்டது?”

“லைனிங்கே இல்ல சார்” என்றாள் அவள். “பாருங்க.”

அவர் குனியவில்லை. “முன் பிரேக் இருக்குல்ல? நிறுத்தறது அதுதான். பின்னாடி இருக்கறது சும்மா துணைக்கு.”

“அந்தத் துணைதான் சார் திங்கக்கிழமை வரல.”

“படிச்ச பொண்ணுன்னு நாற்காலி குடுத்தா சட்டம் பேசறியா? வண்டி சரியில்லேன்னா உங்கப்பன் எதுக்குத் தினமும் கையெழுத்து போட்டான்?” கக்கத்தில் இருந்த வண்டி ஃபைலை எடுத்துப் புரட்டினார். “பாரு. பிரேக், நன்று. சத்தம் சரி செய்யப்பட்டது. கையெழுத்து அவனுது. மேல எழுதினது யாரு? நீ.”

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, நாளுக்கு ஒன்றாக முப்பது தாளிலும் அப்பா மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதுவும் கம்பெனி வழக்கம்தான். தினமும் காலையில் ஒரு தாளில் அவள் ‘நன்று, நன்று’ என்று நிரப்புவாள். இன்னும் வராத தேதிகளுக்கும் வண்டி நல்ல வண்டி, டிரைவர் பொறுப்பு.

மேனேஜர் இன்னும் புரட்டினார். பதினெட்டாம் தேதியோடு தாள்கள் முடிந்தன. பிறகு வெறும் அட்டை.

“மீதி எங்க?”

“மத்தியானமே எடுத்துட்டேன் சார். இன்னியிலேர்ந்து அப்பா கையெழுத்து ஒண்ணும் கிடையாது.”

மேனேஜர் மெக்கானிக்கிடம் திரும்பினார். “நீ என்ன வேடிக்கை பாக்கற? தேய். தேச்சு மாட்டு.”

மெக்கானிக் ஸ்பிரிங்குகளைக் கழற்றி ஷூக்களை வெளியே எடுத்தார். எமரி பேப்பரை மடித்தார். தேய்க்கவில்லை. இரண்டையும் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, திரும்பி நின்று, ஏற்கெனவே துடைத்த கையையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

அவள் ஒரு ஷூவை எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள்.

“அதோட வெளிய போனா திரும்ப உள்ள வராதே. உங்கப்பனும்தான்.”

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துப் பெஞ்சில் வைத்தார்.

“இன்னொண்ணையும் எடுத்துக்க பாப்பா” என்றார்.

இரும்பு கனத்தது. கேட்டருகே பாக்கிங் செக்ஷன் பெண்கள் டிபன் பைகளை வரிசையாகத் தரையில் வைத்து இடம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஷெட்டுக்குள் மேனேஜர் போனில் பேசுவது முற்றத்தைத் தாண்டிக் கேட்டது.

“உடனே ஒரு டிரைவர் வேணும்ப்பா. இல்லல்ல, வண்டிக்கு ஒண்ணுமில்ல. நல்ல வண்டி. டிரைவர்தான் சரியில்ல.”

“ஏ பட்டதாரி, வண்டி வருதா?” என்று வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

அவள் பைக்குள் கையை விட்டுக்கொண்டே அவர்களை நோக்கி நடந்தாள்.