அணைய மறுத்த மடிக்கணினியும் செனோபியாவும்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கொச்சபம்பா நகரச் சந்தையில் நான் பழைய புத்தகம் விற்கிறேன். பக்கத்துக் கடையில் செனோபியா கணினி பழுது பார்க்கிறாள். (சந்தையில் எல்லோருக்கும் அவள் ‘டோன்யா’, அதாவது அம்மணி.) ஒரு வாக்கியம் சரிவராவிட்டால் நான் கதையையே தூக்கிப் போட்டுவிடுவேன். அவள் எதையும் தூக்கிப் போட்டு நான் பார்த்ததில்லை.

முதல் தொடக்கம்: ‘மழை கொட்டிய ஒரு காலையில், விதியைப் போல அந்தச் செவிலி...’

(மழையே இல்லை. விட்டுவிடுகிறேன்.)

2

பதினொரு மணிக்குச் செவிலி எடெல்மிரா வந்தாள். மலைக்கிராமத்துக் கர்ப்பிணிகளைப் பார்க்கிறவள். ஸ்கேன் கருவியை மாட்டும் மடிக்கணினி கையில்.

“அணைச்சா அணைய மாட்டேங்குது டோன்யா. திரை இருட்டாகுது, உள்ள விசிறி சுத்திக்கிட்டே இருக்கு. மேல போறதுக்குள்ள பேட்டரி காலி. அங்க கரண்டும் கிடையாது.”

“பட்டனை அமுக்கிப் பிடிச்சீங்களா?”

“அது எப்பவோ உடைஞ்சுபோச்சு. மூடியைத் திறந்தா ஆன் ஆகும், அவ்வளவுதான்.”

மேலே மலைக்கிராமத்தில் ஃபெலிசா என்பவளுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. போன முறை கணினி செத்துப்போனதால், பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று பார்க்க முடியவில்லை. இரண்டு மணிக்கு லாரி.

3

கணினி விழிக்கும்போது அதன் கர்னலுக்கு ஒரு வரிக் கட்டளை போகும். (கர்னல் என்றால் உள்மூளை. உவமை என்னுடையது, செனோபியா சிரிப்பாள்.) அந்த வரியில், முன்பு பழுது பார்த்த யாரோ, மின்சார நிர்வாகத்தையே தொடாதே என்று எழுதியிருந்தார்கள். எல்லா வேலையையும் நிறுத்திய பிறகும், தன் மின்சாரத்தைத் துண்டிக்க அதற்கு வழியில்லை.

“எவனோ சோம்பேறி,” என்றேன்.

“சோம்பேறி இல்ல புத்தகக்காரரே. இது இல்லாம ஆனே ஆகியிருக்காது. பாருங்க.”

வரியை நீக்கித் திரும்ப ஆன் செய்தாள். கணினி பாதியில் உறைந்தது. என் கதைக்கு இருந்த ஒரே வில்லனும் போனான்.

“மொத்த வாயையும் கட்ட வேணாம். அதுல எந்தப் பகுதி தகராறு பண்ணுதோ அதை மட்டும் கட்டுவோம்.”

ஒவ்வொரு முறை உறைந்ததும் திருகுகளை எடுத்துப் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியைப் பிடுங்கி, நோட்டில் குறித்து, வேறொரு கட்டளை எழுதினாள். ஒன்பதாவது முறை கணினி விழித்தது. அணைத்தாள். விசிறி நின்றது.

எடெல்மிரா பையை எடுத்தாள். “லாரி போயிடும்!”

“இன்னும் ரெண்டு தடவை பார்த்துடறேன். மலையில தெரியறதைவிட இங்கயே தெரியட்டும்.”

இரண்டு முறையும் அணைந்தது. எடெல்மிரா ஓடினாள்.

4

மலையில் ஸ்கேன் செய்தபோது பிள்ளை குறுக்கே கிடந்தது. அதே லாரி ஃபெலிசாவைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தது. தாயும் மகளும் நலம். அடுத்த வாரம் எடெல்மிரா வந்து சொன்னதும், செனோபியா அவளைக் கட்டிக்கொண்டு கண்ணீர் வடித்ததாக எழுதி, அதை செனோபியாவிடமே படித்துக் காட்டினேன்.

“நான் எங்கய்யா அழுதேன்? எந்தக் கட்டளை வேலை செஞ்சுதுன்னு எழுதவே இல்லையே! இதே மாடல் வச்சிருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?”

“கதையில அதெல்லாம் எழுத மாட்டாங்க டோன்யா.”

“அப்ப எதுக்குக் கதை?”

கண்ணீர் வரியை அடித்துவிட்டேன். கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்களாவது அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.