சாயம் போட்ட குஞ்சுகள்

மாடி வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போய் மூன்று நாளாகியிருந்தது. மேலேயிருந்து கீச்கீச்சென்று சத்தம் வருகிறதே என்று வீட்டுக்காரரிடம் சாவி வாங்கிப் போய்ப் பார்த்தேன். குளியலறையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே எட்டுக் கோழிக்குஞ்சுகள். இரண்டு செத்துக் கிடந்தன; மிச்சம் ஆறும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. குழந்தைகள் விளையாட வாங்கும் சாயம் போட்ட குஞ்சுகள்தான். ஒரு மாத வயதிருக்கும். வெள்ளை இறகு முளைத்துவிட்டிருந்தது. நுனியில் மட்டும் ரோஸும் பச்சையும் அழுக்குப்போல ஒட்டிக்கொண்டிருந்தன.

வீட்டுக்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பெட்டைன்னா பின்பக்கம் வச்சுக்கம்மா. சேவல் மட்டும் கூடாது. கூவுற சத்தம் கேட்டுச்சுன்னா அன்னிக்கே கறிக்கடைதான்."

"என் தங்கச்சி பார்த்துச் சொல்லிடுவா" என்றேன் பெருமையாக.

தங்கை பதினோரு வருடம் குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வேலை பார்த்தவள். பொரித்த அன்றே சிறகை விரித்து, இறகின் நீளத்தைப் பார்த்து, சேவல் வேறு பெட்டை வேறாகப் பிரித்துப் போடுவாள். ஒரு குஞ்சுக்குக் கண்ணிமைக்கும் நேரம். போன வருடம் ஒருநாள் பாதி வேலையில் எழுந்து வந்துவிட்டாள். ஏனென்று கேட்டால் "கை வரலக்கா" என்பாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் தைக்கும் துணிகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டு என்னோடேயே இருந்தாள். வாசல் தாண்டுவதில்லை.

பெட்டியை அவள் முன்னால் வைத்தேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எல்லாம் பெட்டைதான்."

"தொட்டுக்கூடப் பார்க்கலையேடி?"

"அதான் சொல்றேன்ல."

நானும் நம்பினேன். முட்டைக் கனவில் அரிசி நொய்யை அள்ளி அள்ளிப் போட்டேன். ஐந்து குஞ்சுகளுக்குக் கொண்டை சிவந்து தடித்தது. ஒன்றுக்கு மட்டும் கொண்டை சிறுத்து வெளிறிக் கிடந்ததால் நோஞ்சான் என்று நினைத்து அதற்குத் தனித் தீனி வைத்தேன். என் அறிவு அந்த லட்சணம்.

ஒருநாள் விடியற்காலை, துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல ஒரு சத்தம். பாதியில் தொண்டை கட்டிக்கொண்டது. உடனே பக்கத்தில் நின்ற இன்னொன்று கழுத்தை நீட்டி அதை முழுதாகக் கூவி முடித்தது.

வீட்டுக்காரர் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்து நின்றார். "மூணு நாள் டைம். அதுக்குள்ள நீ எடுக்கலைன்னா நான் எடுத்துடுவேன்."

உள்ளே போய்த் தங்கையைப் பிடித்துக்கொண்டேன். "பதினோரு வருஷம் இதே வேலையா இருந்தவளுக்குத் தெரியாதா?"

"தெரியும். சாயத்தைப் பார்த்ததுமே தெரியும்."

"அப்புறம் ஏன்டி பொய் சொன்னே?"

ஊசியை எடுத்து நூலைக் கோக்கப் பார்த்தாள். நூல் நுழையவில்லை.

"நான் சேவல்னு போடுற பெட்டி சுவருக்கு அந்தப் பக்கம் போயிடும்க்கா. சிலதைச் சாயம் போட வாங்கிட்டுப் போவாங்க. மத்ததெல்லாம் அன்னிக்கே..." நூல் நுனியைப் பல்லால் கடித்தாள். "இனிமே அந்த வார்த்தையை என் வாயால சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்."

கோபம் எங்கே போயிற்றென்று எனக்கே தெரியவில்லை. அவள் கையிலிருந்த ஊசியை வாங்கி நானே கோத்துக் கொடுத்தேன்.

என்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் ஓர் அம்மாவின் தம்பி, ஊருக்கு வெளியே செடிப்பண்ணை வைத்திருந்தார். ஃபோனில் கெஞ்சினேன்.

"சேவல்னா கொண்டாங்க, பூச்சி பொறுக்கட்டும். கறிக்குக் கொடுக்க மாட்டேன், கவலைப்படாதீங்க. பெட்டை மட்டும் வேண்டாம்மா. தொட்டிக்குத் தொட்டி அடைகாக்க உட்கார்ந்து உயிரை எடுத்துடும்."

கொண்டையைப் பார்த்து நானே பிரித்திருக்கலாம். ஆனால் மறுநாள் தங்கை தானாகவே பின்பக்கம் வந்து தரையில் உட்கார்ந்தாள். முதல் கோழியைத் தூக்கினாள். கழுத்து இறகை நீவி, வாலடியில் கூராக முளைத்திருந்த இறகைப் பார்த்தாள்.

"சேவல்" என்றாள், தனக்கே கேட்காத குரலில். வலப்பக்கம் இருந்த கூடைக்குள் விட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. ஐந்தும் சேவல்.

நோஞ்சானை மட்டும் மடியிலேயே வைத்திருந்தாள். "அக்கா, இது பெட்டை. நோயெல்லாம் ஒண்ணுமில்ல. நூத்துக்கு ரெண்டு கை தப்பும். யாரோ தப்பாச் சேவல் பக்கம் போட்டிருக்காங்க." அதன் முதுகைத் தடவினாள். "நானும் தப்பாப் போட்டிருப்பேன்ல? பதினோரு வருஷம்."

அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கோழி மடியைவிட்டு இறங்கவில்லை.

பெட்டையைப் பின்பக்கமே விட்டுவிட்டு, கூடையை ஆட்டோவில் ஏற்றியபோது அவளும் ஏறினாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் தெருவைப் பார்த்தாள். அதன்பிறகு சேவல்களைப் பார்க்கச் செடிப்பண்ணைக்குத் தினமும் போய் வந்தாள். இரண்டாம் வாரமே ஒரு சேவலை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. இனிமேல் அங்கே போகமாட்டாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையிலேயே கம்பிவலை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். இப்போது அங்கேயே நாற்றுப் பைகளுக்கு மண் நிரப்பும் வேலை. மிச்சம் நாலும் சண்டை போட்டால் முறத்தை வீசி விலக்கிவிடுகிறாளாம். சாயங்காலம் நகக்கண்ணெல்லாம் மண்ணோடு வந்து, இடுப்பு வலிக்கிறதென்று என்னைத் திட்டுகிறாள்.