ஆசகேலின் அடக்கப் பாட்டு

திர்சாள் மாடிப்படிகளில் தடதடவென்று ஏறினாள். துறவிகள்போல் கூடி வாழும் ஷேக்கர் சபையில் பெண்கள் ஓடக் கூடாது. இன்று அதையெல்லாம் யார் பார்ப்பது? கீழே சவப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அடக்கத்துக்கான பாட்டு அவள் கையில் இருந்தது. சபையின் மூத்த சகோதரி கேத்தூராள் சம்மதிக்காமல் அதைப் பாட முடியாது.

முந்தின நாள் இடி விழுந்து மாட்டுக்கொட்டகை பற்றிக்கொண்டது. உழவு மாடுகளை அவிழ்த்துவிட உள்ளே போனான் ஆசகேல். கடைசி மாடு வெளியே வந்தது. அவன் வருவதற்குள் கூரை சரிந்துவிட்டது. மீசை சரியாக முளைக்காத வயது.

சபையில் எது நடந்தாலும் திர்சாள் பாட்டுக் கட்டுவாள். ஆராதனை வீட்டுக்குக் கூரை ஏறியபோது கட்டினாள். ஊர்க்காரர்கள் தடிகளோடு வந்து வளைத்தபோதும் கட்டினாள். இந்த முறை பாட்டை விட்டால் ஆசகேலுக்கு வேறொன்றுமில்லை. கல்லறையில் பெயர் இருக்காது. அழ உறவும் கிடையாது. சபைக்குள் வந்த அன்றே புருஷன், பெண்டாட்டி, பெற்றவள், பிள்ளை எல்லாம் முடிந்தது. அப்புறம் எல்லோரும் அண்ணன் தம்பி, அக்கா தங்கைதான். யார் யாருக்குப் பிறந்தவர் என்று கேட்பதே குற்றம்.

கேத்தூராள் ஜன்னலோரம் நின்று வாசித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வரியை நகத்தால் கீறினாள்.

"இது வேணாம்."

'தாயில்லாப் பிள்ளை தனியே போகிறான்' என்ற வரி.

திர்சாளுக்குச் சுரீரென்றது. அவனுக்கென்று இருப்பதே அந்த ஒரு வரிதான், மற்றதெல்லாம் யார் செத்தாலும் பாடலாம் என்று வாதாடினாள். கேத்தூராள் அசையவில்லை.

"உங்க முகத்தப் பாத்தா கறக்கற பால் அங்கயே தயிராயிடும்னு ஆசகேல் சொல்லுவான். சரியாத்தான் சொல்லியிருக்கான்."

"அப்படியா சொன்னான்?" கேத்தூராள் மெல்லக் கேட்டாள். "வேற என்ன சொன்னான்?"

திர்சாள் தாளைப் பிடுங்கிக்கொண்டாள். கீழே சுத்தியல் சத்தம் நின்றது.

"தாய்ங்கற வார்த்தைக்கே பயமா, அக்கா?"

கேத்தூராள் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவிலேயே கையை ஊன்றிக்கொண்டாள்.

"பாட்டுல பொய் இருக்கக் கூடாது, தங்கச்சி. பால்குடி மறக்காத என் பிள்ளைய, இந்த வாசல்ல இன்னொருத்தி கையில குடுத்தவ நான்தான்."