நான்காம் வகுப்பு பி பிரிவின் வெள்ளிக்கிழமைப் பாடம்

2004 ஜூனில், வெடிமருந்துத் தொழிற்சாலை ஊரான கட்கியிலிருந்த ஒரு பள்ளிக்கு நிர்வாகத்திடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆரம்ப வகுப்புக் குழந்தைகள் வாரத்தில் ஒரு பீரியட் என்ன படிப்பது என்பதைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், நடந்ததைப் பள்ளி அறிக்கையாக அனுப்ப வேண்டும். தலைமை ஆசிரியை சியாமளா அதை நான்காம் வகுப்பு பி பிரிவின் ஆசிரியை ஜோஸ்பினிடம் தள்ளிவிட்டார். "நீதான் இங்க சின்னவ. உனக்குத்தான் இதெல்லாம் பிடிக்கும்."

பிடித்துத்தான் இருந்தது. ஜோஸ்பின் இதே பள்ளியில் படித்தவள். அவளிடம் அங்கே யாரும் விடையைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை.

முப்பத்தெட்டுப் பேருக்கும் துண்டுச் சீட்டு கொடுத்தாள். "இதுல சரி, தப்புன்னு ஒண்ணும் கிடையாது. உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணுமோ அதை எழுதுங்க." கிரிக்கெட்டுக்கு ஒன்பது சீட்டு. டைனோசருக்கு ஏழு. மற்றவை ஒன்றும் இரண்டுமாகச் சிதறின. ஆனால் பதினான்கு சீட்டுகள் ஒரே கேள்வியைக் கேட்டன: எங்கள் அப்பா ஃபேக்டரிக்குள்ளே என்ன செய்கிறார்?

அந்த வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். காலையில் சங்கு ஊதினால் போவார்கள். தீப்பெட்டியைக் கேட்டிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போவார்கள். சாயங்காலம் வந்து டீ குடிப்பார்கள். நடுவில் நடந்தது என்னவென்று எந்த வீட்டிலும் பேச்சு வந்ததில்லை.

"ஆளுக்கு ஒரே ஒரு வரி கேட்டுட்டு வாங்க" என்றாள் ஜோஸ்பின்.

அடுத்த வெள்ளிக்கிழமை வரிகள் வந்தன. சுஷ்மாவின் அப்பா மரப்பெட்டிகளில் கறுப்பு மையால் எண் அடிக்கிறார். டெக்ஸ்டரின் அப்பா தராசுக்கு முன்னால் உட்கார்ந்து பொடி நிறுக்கிறார். "நாள் பூரா உக்காந்தே இருக்காராம் மிஸ். வீட்டுக்கு வந்து நிக்க வச்சிட்டாத்தான் கோவம் வருது" என்று டெக்ஸ்டர் சொன்னதும் வகுப்பே சிரித்தது.

ஃபியோனா வகுப்பில் அதிகம் பேசாத பெண். அன்று அவள் எழுந்து நின்று தாளைப் பார்க்காமலேயே சொன்னாள். "எங்கப்பா ஒரு சின்னப் பித்தளை மூடிய ரெண்டு விரலால திருகுவாராம். இறுக்கவும் கூடாது, லூசாவும் விடக்கூடாது. பாத்ரூம் குழாய்ல எனக்குத் திருகிக் காட்டினார் மிஸ்."

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவே இல்லை. டெக்ஸ்டரும் அவளும் எல்லா வரிகளையும் கத்தரித்துத் தரையில் பரப்பினார்கள். இது முந்தி, அது பிந்தி என்று சண்டை போட்டு, சந்தேகம் வந்தால் மறுபடி வீட்டில் கேட்டு வந்தார்கள். அறிவியல் புத்தகத்தில் பட்டுப்புழுவின் வாழ்க்கை வரைந்திருப்பதைப் போல, பெரிய சார்ட் தாளில் அம்புக்குறி போட்டு ஒட்டினார்கள். பொடியில் தொடங்கி ரயில் பெட்டியில் முடிந்தது. கடைசி அம்புக்கு எதிரே ஃபியோனா ஒரு காலிக் கட்டம் வரைந்து கேள்விக்குறி போட்டாள்.

"இது எங்க போய் என்ன ஆகுதுன்னு அடுத்த வாரம் கேக்கணும் மிஸ்."

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஜோஸ்பின் அதைப் பின்சுவரில் மாட்டினாள். இப்படி ஒரு பாடத்தை அவள் எங்கும் பார்த்ததில்லை.

மறுநாள் சனிக்கிழமை, பெற்றோர் வரும் நாள். ஃபியோனாவின் அப்பா இன்பநாதன் இன்னும் இரண்டு அப்பாக்களுடன் வந்தார். சர்ச்சில் பார்த்தால் ஜோஸ்பினை 'என்னம்மா' என்று கூப்பிடுபவர். சார்ட்டின் முன்னால் போய் நின்றார். அவருடைய விரல் அம்பு அம்பாக நகர்ந்தது. தன் வரிக்கு வந்ததும் நின்றது. பிறகு கடைசி வரை போனது.

"இருபத்தோரு வருஷம் ஆச்சு டீச்சர்" என்றார். "எனக்கு முன்னாடி யாரு, அடுத்து யாரு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். முழுசா இன்னைக்குத்தான் பாக்கேன். இதக் கழட்டிருங்க."

"இதுல ரகசியமா எதுவுமே இல்லையே அங்கிள். ஆளுக்கு ஒரு வரிதானே?"

"ஆளுக்கு ஒரு வரின்னுதான் எங்களையும் வச்சிருக்காங்க."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டா இருக்க முடியும்?"

டெக்ஸ்டரின் அப்பா பெஞ்சின் மேல் ஏறி, தாள் கிழியாமல், ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். சுஷ்மாவின் அப்பா கீழே நின்று வாங்கிச் சுருட்டினார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஃபியோனா அப்பாவின் சட்டையைப் பிடித்தாள். "நாங்க ஓட்டுப் போட்டு எடுத்த பாடம்ப்பா அது."

"வீட்டுல பேசிக்கலாம்."

வீட்டில் பேசவில்லை. திங்கட்கிழமை இடைவேளையில் ஃபியோனா மேஜையருகே வந்து நின்றாள். "சனிக்கிழமையிலேந்து அப்பா எங்கிட்ட எதுவும் சொல்றதில்ல மிஸ். டீ போதுமான்னு கேட்டாக்கூட யோசிக்கறார். அந்தக் குழாயத் திருகினதையும் மறந்துடணுமாம்."

ஜோஸ்பின் அவள் தோளைத் தொட்டாள்.

நடந்ததைக் கேட்டு சியாமளா கோபப்படவில்லை. "அறிக்கை அனுப்பியாகணும் ஜோஸ்பின். இன்னொரு தடவை ஓட்டு எடுத்துடு. பிப்ரவரில நாலாம் கிளாஸ் ஸ்காலர்ஷிப் பரீட்சை வரது. குழந்தைகளே அதைக் கேட்டா நன்னா இருக்கும்."

"கேக்கலைன்னா மேடம்?"

"அவா கேப்பா. நீ கேக்க வைப்ப."

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் மறுபடி துண்டுச் சீட்டு கொடுத்தாள். முப்பத்தெட்டுப் பேரும் பென்சிலைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். கிரிக்கெட் என்று எழுதக்கூட ஒருவனும் துணியவில்லை.

கடைசியில் டெக்ஸ்டர் கையைத் தூக்கினான். "மிஸ், சரியான ஆன்சர் எது?"

ஜோஸ்பின் ஃபியோனாவைப் பார்த்தாள். ஃபியோனாவும் மற்றவர்களைப் போலவே காத்திருந்தாள். அவள் கண்ணில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் ஜோஸ்பினால் ஏதாவது செய்ய முடிந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை. தப்பாக எழுதிவிடக்கூடாதே என்ற கவலை மட்டும்தான் இருந்தது.

ஜோஸ்பின் சாக்பீஸை எடுத்துப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதினாள்: ஸ்காலர்ஷிப் கணக்கு.

முப்பத்தெட்டுத் தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்தன. எல்லாருக்கும் நிம்மதியானது அவளுக்குத் தெரிந்தது. சீட்டுகளை வாங்கிக்கொண்டு வந்தாள். ஃபியோனா தன்னுடையதை இரண்டு கையாலும் நீட்டினாள்.

அறிக்கைத் தாளில் மொத்தம் முப்பத்தெட்டு, ஆதரவு முப்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மணியடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பயிற்சிப் புத்தகத்தை எடுக்கச் சொல்லி, முதல் கணக்கை வாசிக்கத் தொடங்கினாள்.