மிளகுக் கொட்டகையில் பூல் மேசை

மிளகு காயப்போடுவதற்கென்று நான் கட்டிய கொட்டகை அது. மேலே வெயில் இறங்கும் கண்ணாடித் தகடு, கீழே சிமெண்டுத் தரை. எங்கள் மலையில், வளப்பூர் நாட்டில், வெயில் அடிக்கும்போதே பனிமூட்டம் வந்து கவியும். வாசலில் கொட்டிய மிளகைப் பகலில் நாலு தடவை அள்ளி நாலு தடவை விரிக்க வேண்டும். போன வருஷம் பாதி பூசணம் பிடித்துப் போனது. அதனால்தான் கொட்டகை. தகடு மாட்டிய எட்டாம் நாள் என் வீட்டுக்காரர் அர்த்தனாரி மினி லாரியில், குச்சியால் பந்தைக் குத்திக் குழியில் தள்ளி ஆடுகிற ஒரு பூல் மேசையோடு வந்து இறங்கினார். செம்மேட்டுப் பக்கம் மூடிப்போன லாட்ஜில் சும்மா கொடுத்தார்களாம். சும்மா கொடுத்தால் யானையையும் ஓட்டி வருவாரா இந்த மனுஷன்?

“ஒரு வாரந்தான் சுகுணா. அப்பறம் வேற எடம் பாத்துக்கலாம்” என்றார். ஒரு வாரம் மூன்று மாதம் ஆனது. மேசை கொட்டகையில் இருந்தது, மிளகு வாசலில் கிடந்தது, நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டமாவது உருப்படியாக ஆடுவாரா? நேராக அடித்தால் விழுகிற பந்தைக்கூட நேராக அடிக்க மாட்டார். வெள்ளைப் பந்தின் நடுவில் குத்தாமல் ஓரமாகக் குத்துவார். அதற்குப் பெயர் சைடு. பந்து சுழன்றுகொண்டே போய், விளிம்பில் மோதியதும் வேறு பக்கம் திரும்புமாம். போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. அடிப்பார், தவறும். “மேச கோணலுங்கறேன்” என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ரசமட்டம் வைத்துப் பார்த்தவள் நான். மேசையில் ஒரு கோணலும் இல்லை.

கோணல் எங்கே என்று எனக்குத் தெரியும். அவர் மலை பஸ் டிரைவர். தினம் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறவர். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் வண்டி இடப்பக்கம் போகும், பந்தும் அப்படித்தான் போகும் என்று அவர் நினைப்பு. அதனால் இடப்பக்கம் குத்தும்போதெல்லாம் குறியைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வைப்பார். பந்தோ, இடப்பக்கம் குத்து வாங்கினால் வலப்பக்கம் ஒதுங்கி ஓடும். இடித்தால் யாராக இருந்தாலும் அந்தப் பக்கம்தானே ஒதுங்குவார்கள்? இரண்டும் சேர்ந்து பந்து எங்கேயோ போகும். மூன்று மாதம் மிளகுக் காம்பு பொறுக்கிக்கொண்டே இதைப் பார்த்திருக்கிறேன். சொல்லவில்லை. தோற்றுத் தோற்று அலுத்துப்போய் மேசையைத் தூக்கிப் போடட்டும் என்றிருந்தேன்.

மாசியில் மிளகு வாங்க ரியாசுதீன் அடிவாரத்திலிருந்து வந்தார். வாசலில் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

“ஏனுங்க்கா, ஈரம் இருக்குதுங்களே. இப்படியே கட்டுனா மூட்டையிலயே பூசணம் புடிச்சிருமுங்க.”

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று, ரியாசுதீனையும் கூட்டிக்கொண்டு, அர்த்தனாரி ஆடிக்கொண்டிருந்த கொட்டகைக்குள் போனேன். ரியாசுதீனும் பூல் ஆடுவார் என்பது தெரியும். “தம்பி ஜெயிச்சா இன்னைக்கே மேச வெளிய போகோணும். நீங்க ஜெயிச்சா மேச இங்கயே இருக்கட்டும், நான் வாயே தெறக்கல” என்றேன். அறப்பளீஸ்வரர் மேல் சத்தியமும் பண்ணினேன். அர்த்தனாரிக்கு முகம் வெளுத்தாலும், ரோஷத்தில் சரி என்றார்.

எப்படியோ இருவருக்கும் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம். அதைக் குழியில் தள்ளுகிறவருக்கு ஜெயம். ரியாசுதீன் அடித்தது குழியின் வாயில் இடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றது. இப்போது இவர் முறை. சாதாரணமாக அடித்தால் கறுப்பு விழும், ஆனால் வெள்ளையும் விளிம்பில் மோதி நடுக்குழிக்குள் போய்விடும். போனால் தோல்வி. இடப்பக்கம் குத்தி வெள்ளையைத் திருப்பினால்தான் தப்பிக்கலாம்.

குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். குறியை வலப்பக்கம் தள்ளினார். அதே தப்பு! கொட்டகை எனக்குத்தான். மனசுக்குள் மிளகை விரித்தே விட்டேன். சும்மா நின்றிருந்தால் போதும். ஆனால் பால் பொங்கி வழியும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா?

“ஐயோ, அந்தப் பக்கம் இல்லீங்க! எடப்பக்கம் குத்துனா அது வலப்பக்கமல்ல ஓடுது! குறிய ஒரு வெரக்கடை எடப்பக்கம் வையுங்க!”

என்னைப் பார்த்தார். குறியை மாற்றினார். குத்தினார். கறுப்பு விழுந்தது. வெள்ளை விளிம்பில் மோதி, திரும்பி, நடுக்குழியைத் தாண்டிப் போய் நின்றது.

தவளை தன் வாயால் கெடும்.

“நீங்க எந்தக் கட்சீங்க்கா?” என்று ரியாசுதீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“நான் சொல்லித்தான விழுந்துச்சு? அப்ப அது நான் அடிச்சது!”

“சொல்றது லேசு கண்ணு” என்றார் அர்த்தனாரி. கறுப்பை எடுத்து அதே இடத்தில் வைத்தார். குச்சியை என் கையில் திணித்தார். “எங்க, குத்து பாக்கலாம்.”

குத்தினேன். வெள்ளை கறுப்பைத் தொடவே இல்லை. இது எப்படி? மறுபடி வைக்கச் சொன்னேன். தவறியது. மெதுவாகக் குத்தினேன், கொஞ்சம் கிட்டே போனது. ஓஹோ, வேகத்திலும் விஷயம் இருக்கிறதா? ஏழாவது தடவை கறுப்பு குழியின் வாயில் ஆடிவிட்டு நின்றது. கறுப்பை நானே எடுத்து மறுபடி வைத்தேன்.

வெளியே பனிமூட்டம் இறங்கியிருக்கிறது. எனக்குத் தெரியாது. அர்த்தனாரிதான் பார்த்திருக்கிறார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாகத் தானே சாக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

“சுகுணா! தூறல் போடுது! மொளகு நனையுது, ஓடியா!”

“நீங்களே அள்ளுங்க” என்றேன், குனிந்தபடியே. “எனக்குக் கறுப்பு பாக்கி இருக்குது.”